மீதி சார்

கல்லூரியில் நமக்குக் கணிதம் எடுத்த சார் மறைந்த செய்தி வந்த இரவு, நம் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் போட்டது ஒரே வரி: "மீதி எங்கே?" சிங்கப்பூர்க் கிளை மலரில் இதற்கு விளக்கம் தேவையில்லை.

டெய்லர் தொடரை (ஒரு சார்பை எக்ஸின் அடுக்குகளின் முடிவில்லாக் கூட்டலாக்குவது) எழுதி மூன்று புள்ளி வைத்து முடித்தவரை அவர் பலகையைவிட்டு நகர விட்டதில்லை. (1715 என்று ஆண்டும் போட்டால், கணிதர் மாதவர் 14-ஆம் நூற்றாண்டில் கேரளத்திலேயே சைன் தொடரைக் கண்டார் என்று தனிப்பாட்டு.) n-ஆம் வகைக்கெழுவை (n முறை வகையிட்டு வருவது) 0-இல் கண்டு n காரணீயத்தால் (1×2×…×n) வகுப்பது குமாஸ்தா வேலை. அவர் கேட்பது மீதியைத்தான்: தொடரை வெட்டிய இடத்துக்குப் பின் மிஞ்சுவது பூச்சியத்துக்குப் போகிறதா? சைனுக்குப் போகும்: அதன் வகைக்கெழு எதுவும் 1-ஐத் தாண்டாது, கீழே காரணீயமோ மளமளவென்று ஏறும். சைன் 0.5-க்கு மூன்றே உறுப்பு: 0.5 − 0.0208333 + 0.0002604 = 0.4794271. பிழை 0.0000016-க்குள்.

"எத்தனை முறையும் வகையிடலாம், ஆகவே தொடர் சார்புக்குச் சமம்" என்று எழுதிய தாளை வகுப்பில் உரக்க வாசிப்பார். காது சிவக்கும். பிறகு பிரெஞ்சுக் கணிதர் கோஷியின் உதாரணம் வரும்: 0-இல் 0, மற்ற இடங்களில் ஈ (e) என்ற எண்ணின் அடுக்கு −1/எக்ஸ்². 0-இல் எல்லா வகைக்கெழுவும் பூச்சியம், தொடர் பூச்சியம், சார்பு வேறு எங்கும் பூச்சியமில்லை.

இங்கே சிங்கப்பூரில் எச்2 (ஏ-நிலை) கணிதச் சூத்திரப் பட்டியலில் இயல் மடக்கை (1+எக்ஸ்) தொடருக்குப் பக்கத்திலேயே −1 < எக்ஸ் ≤ 1 என்று அச்சிட்டிருக்கிறது. சாருக்குப் பிடித்திருக்காது: எங்கே செல்லும் என்றுதான் சொல்கிறது, மீதி எவ்வளவு என்று இல்லை. எக்ஸ் = 1 என்ற அந்த விளிம்பில் நின்று மடக்கை 2-ஐ மூன்று தசமத்துக்குக் காண ஏறத்தாழ ஆயிரம் உறுப்பு வேண்டும். (1+எக்ஸ்)/(1−எக்ஸ்) என்பதன் மடக்கையில் எக்ஸ் = 1/3 போட்டால் மூன்றே உறுப்பில் 0.6930.

1/(1+எக்ஸ்²) மெய்க்கோட்டில் எங்கும் ஒழுங்காக இருந்தும், அதன் தொடர் 1-ஐத் தாண்டினால் சிதறுவது ஏன்? பகுதியான 1+எக்ஸ்², ஐ-யிலும் (−1-இன் வர்க்கமூலம்) −ஐ-யிலும் பூச்சியமாகிறது, 0-இலிருந்து தூரம் 1. "மிச்சம் மூன்றாம் வருஷம்" என்பார். பொறியியல் சீட் கிடைத்ததும் டிசி வாங்கிக்கொண்டு கிளம்பிய நமக்கு மூன்றாம் வருஷம் ஏது? கலப்பெண் தளத்தில் (மெய்யெண்ணோடு ஐ-யும் சேர்ந்த எண்களின் தளம்), 0-ஐச் சுற்றிய ஒரு வட்டத்துக்குள் எங்கும் ஒருமுறை வகையிட முடிந்தாலே போதும், தொடர் அந்த வட்டம் முழுதும் செல்லும். கோஷியின் சார்போ கற்பனை அச்சு வழியே 0-ஐ நெருங்கினால் முடிவிலிக்கு ஓடுகிறது. இதை அவர் வாயால் கேட்டவர்கள், நம் செட்டில் ஊரோடு இருந்துவிட்ட சிலர்தான்.