விமானம் போகாத டோக்கியோ

டோக்கியோவின் தகெஷிபா துறைமுகத்தில் காலை 11 மணிக்குக் கிளம்பும் 'ஒகசவாரா மாரு' கப்பல், மறுநாள் காலை 11 மணிக்குத்தான் ஒகசவாரா தீவுகளில் ஒன்றான சிச்சிஜிமாவில் நிற்கிறது. தெற்கே ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர். வேடிக்கை என்னவென்றால், இறங்குகிற இடமும் டோக்கியோதான். ஒகசவாரா தீவுகள் டோக்கியோ பெருநகர நிர்வாகத்துக்கு உட்பட்ட ஒரு கிராமம். இங்கே ஓடும் கார்களில், டோக்கியோ நகரின் ஒரு பகுதியான ஷினகாவாவின் நம்பர் பிளேட். விமான நிலையம் கிடையாது, கப்பலும் பெரும்பாலும் வாரத்துக்கு ஒன்றுதான்.

தீவுகளுக்கு உறவுமுறைப் பெயர்கள் வைத்திருக்கிறார்கள். சிச்சிஜிமா அப்பா, ஹஹாஜிமா அம்மா. அண்ணன், தம்பி, அக்கா, தங்கை, பேரன் எல்லாம் உண்டு. கல்யாணத் தரகருக்குக்கூட ஒரு தீவு! ஆனால் பொதுமக்கள் குடியிருப்பது அப்பாவிடமும் அம்மாவிடமும் மட்டும்தான்: அப்பாவிடம் சுமார் 2,000 பேர், அம்மாவிடம் சுமார் 450 பேர்.

சுமார் 4.8 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடி எரிமலைகள் கக்கிய குழம்பிலிருந்து உருவான நிலம் இது. எந்தக் கண்டத்தோடும் ஒருபோதும் ஒட்டியிருந்ததில்லை. அதனால் செடி, நத்தை, மனிதர் என எல்லோருமே கடல் தாண்டி வந்தவர்கள்தான். மனிதர்கள் ரொம்பத் தாமதம். 1830இல் நதானியேல் சேவரி என்ற அமெரிக்கரும் இன்னும் சில வெள்ளையர்களும், ஹவாய்க்காரர்களோடு வந்து குடியேறினார்கள். திமிங்கில வேட்டைக் கப்பல்களுக்குக் காய்கறியும் ஆமையும் விற்றுப் பிழைத்தார்கள். 1853இல் அமெரிக்கத் தளபதி பெர்ரி வந்து சேவரியிடம் நிலம்கூட வாங்கினார். கடைசியில் 1876இல் தீவுகள் ஜப்பானுடையவை என்று உறுதியானது. முதலில் வந்தவர்கள் சில ஆண்டுகளில் ஜப்பானியக் குடிமக்கள் ஆனார்கள்.

அப்புறம் நடந்ததுதான் மனதை உறுத்துகிறது. 1944இல் போர் நெருங்கியபோது 6,886 பேரை ஜப்பானின் பெருநிலத்துக்கு அனுப்பிவிட்டார்கள். போர் முடிந்து அமெரிக்கக் கடற்படை ஆண்ட காலத்தில், மேற்கத்திய வம்சாவளியினருக்கு மட்டும் 1946இல் திரும்ப அனுமதி கிடைத்தது. மற்றவர்கள் 1968வரை காத்திருந்தார்கள். 1946இல் திரும்பி வந்தவர்களின் பிள்ளைகள் ஆங்கிலத்தில் படித்து வளர்ந்தார்கள். 1968 ஜூன் 26 அன்று தீவுகள் ஜப்பானிடம் வந்ததும் பள்ளிக்கூடம் ஜப்பானிய மொழிக்கு மாறியது. பாதிப் படிப்பில் இருந்த பிள்ளையின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

இப்போது புதிதாக வருகிறவற்றின்மேல் ஒரே கெடுபிடி. காட்டுப்பாதை வாசலில் பிரஷ்ஷும், வினிகர் நிரப்பிய ஸ்ப்ரே பாட்டிலும் வைத்திருக்கிறார்கள். செருப்படியில் ஒட்டிய மண்ணைச் சுரண்டி, வினிகர் அடித்த பிறகே உள்ளே போகலாம். என் ஷூவின் பள்ளங்களிலிருந்து மண் வந்துகொண்டே இருந்தது. ஊறுகாய் ஜாடி போல மணந்த காலோடு மலை ஏறினேன். காரணம் நியாயமானது. வெளியிலிருந்து வந்த நியூ கினி தட்டைப்புழு, சிச்சிஜிமாவின் நில நத்தைகளை ஏறக்குறைய தின்றே தீர்த்துவிட்டது. வேறெங்கும் இல்லாத இனங்கள் அவை. 2011இல் யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியலில் இத்தீவுகள் இடம்பெற்றதில் இந்த நத்தைகளுக்கும் பங்கு உண்டு. புழு இன்னும் ஹஹாஜிமாவை எட்டவில்லை என்பதால், அங்கே படகை விட்டு இறங்கும்போது கடல்நீரில் நனைத்த மிதியடியை மிதிக்கச் சொல்கிறார்கள்.

விமான நிலையப் பேச்சும் இதே சிக்கலில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. 1990களில் அண்ணன் தீவான அனிஜிமாவில் ஓடுபாதை போட நினைத்தார்கள். அரிய உயிரினங்களுக்காகக் கைவிட்டார்கள். சுற்றிப் பார்க்க வந்த எனக்கு 24 மணி நேரக் கப்பல் ஒரு அனுபவம், அவ்வளவுதான். ஆனால் தீவில் பிரசவம் பார்க்கும் வசதி இல்லை. கர்ப்பிணிகள் நாள் நெருங்குமுன்பே கப்பலேறிப் பெருநிலத்துக்குப் போய்விட வேண்டும். அவர்களிடம் போய் "இப்படியே இருக்கட்டும், அழகாக இருக்கிறது" என்று என்னால் சொல்ல முடியாது.