3½ அங்குலத்திலிருந்து 5 அங்குலத்துக்கு: பாய்லர் குழாய் தேர்ந்தெடுத்த அனுபவம்

3½ அங்குல அகலத் தண்டவாளத் தடத்துக்கு வரையப்பட்ட, ஆறு சக்கர டேங்க் எஞ்சின் (தண்ணீரைத் தன் மேலேயே சுமக்கும் நீராவி ரயில் எஞ்சின்) மாதிரி ஒன்றை 5 அங்குலத் தடத்துக்குப் பெரிதாக்கிக் கட்டிவருகிறேன். சட்டம், சக்கரம், சிலிண்டர் எல்லாம் பெருக்கல் கணக்கிலேயே முடிந்தன. பாய்லருக்கு வந்தபோதுதான் ஒவ்வொரு குழாய்க்கும் தனித்தனியாக யோசிக்க வேண்டியிருந்தது. செம்பு விற்கிற விலையில் ஒரு குழாயை வாங்கிப் பார்த்து, சரியில்லை என்றால் இன்னொன்று என்று போக முடியாது.

முதலில் பெருக்கும் எண். 5-ஐ 3½-ஆல் வகுத்தால் 1.43 வரும். ஆனால் 3½ அங்குலத் தடத்தில் நிஜ எஞ்சினின் ஒரு அடிக்கு ¾ அங்குலம், 5 அங்குலத் தடத்தில் 1 1/16 அங்குலம். இந்த இரண்டையும் வகுத்தால் சரியாக 17/12, அதாவது 1.417. பெருக்கி வந்த பத்து அங்குல நீளத்தில் 2 மி.மீ. வித்தியாசம்தான். இருந்தாலும் சட்டத்துக்கு மேலே உள்ள எல்லாவற்றுக்கும் 17/12-ஐயே பிடித்துக்கொண்டேன்.

பழைய வரைபடத்தில் பாய்லர் பேரலின் (உருளை உடலின்) வெளிவிட்டம் 3¼ அங்குலம். பெருக்கினால் 4.6. அந்த அளவில் குழாய் கிடைக்காது. 4½ உண்டு, 5 உண்டு. பெரிய பாய்லர் என்றால் நீராவி அதிகம் என்று மனம் 5-ஐ நோக்கித்தான் போகும். ஆனால் எஞ்சினைப் பார்ப்பவர் கண்ணில் படுவது பேரல் அல்ல, அதன் மேல் சுற்றிய வெளித்தகடு. அது வரைபடத்தில் 3½ அங்குலம், பெருக்கினால் 4.96. 5 அங்குலக் குழாய் அதற்குள் நுழையவே நுழையாது. 4½ எடுத்தால் சுற்றிலும் 5 மி.மீ.க்கு மேல் இடம் மிஞ்சுகிறது, வெப்பக்காப்புக்கு அது தாராளம். தோற்றமும் கெடவில்லை.

அப்புறம் குழாய்ச் சுவரின் கனம். பிளம்பிங் கடையில் 108 மி.மீ. செம்புக் குழாய் கிடைக்கும். அதன் சுவர் பெரும்பாலும் 1.5 மி.மீ.தான், விலையோ ஆசை காட்டும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். வேலை அழுத்தம் 100 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), பாதுகாப்புக் காரணி 8, செம்பின் இழுவலிமை 25,000 பி.எஸ்.ஐ. அழுத்தத்தை விட்டத்தாலும் காரணியாலும் பெருக்கி, வலிமையின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். 108 மி.மீ. குழாய்க்கே 1.7 மி.மீ.க்கு மேல் தேவை என்று வந்தது. பிளம்பிங் குழாய் அத்தோடு போயிற்று.

4½ அங்குலத்துக்கு விடை 0.072 அங்குலம். ஆனால் 100 பி.எஸ்.ஐ.யில் நீராவியின் வெப்பம் ஏறக்குறைய 170 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டில் செம்பு கொஞ்சம் தளரும். வலிமையில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிட்டு மறுபடி போட்டால் 0.09. 13 கேஜ் குழாய் (கேஜ் என்பது சுவர் கனத்துக்கான எண், எண் குறைந்தால் கனம் கூடும்) 0.092, மயிரிழையில் தேறுகிறது. டோமுக்கும் (நீராவி சேரும் மேற்குமிழ்) சேஃப்டி வால்வுக்கும் துளை போடப்போகிற பேரலில் மயிரிழை எனக்குப் போதாது. 10 கேஜ், அதாவது 0.128 அங்குலம் என்று முடிவு செய்தேன். பத்து அங்குல நீளத்தில் சுமார் 700 கிராம் எடை கூடும், பற்றவைக்கும்போது சூடும் கூடுதலாக வேண்டும். பரவாயில்லை.

ஒரு விற்பனையாளர், கடினப்படுத்திய குழாய் என்பதால் மெல்லிய சுவரே போதும் என்றார். அந்தக் கடினத்தை நம்பவே கூடாது. 55 சதவீத வெள்ளி உள்ள சில்வர் சோல்டர் உருக 630 முதல் 660 டிகிரி வேண்டும். அந்தச் சூட்டில் செம்பு மங்கலான சிவப்பாகி, அச்சில் ஏற்றிய கடினமெல்லாம் போய் மெத்தென்று ஆகிவிடும். அதனால் கணக்கு எப்போதும் மென்மையான செம்புக்குத்தான்.

எந்தச் செம்பு என்பதிலும் கண்டிப்பாக இருந்தேன். மின்கம்பிக்குப் போகும் சி101 செம்பில் சிறிது ஆக்சிஜன் இருக்கும். டார்ச்சின் வாயு மிகுந்த சுடரிலுள்ள ஹைட்ரஜன் உள்ளே புகுந்து அந்த ஆக்சிஜனோடு சேர்ந்து நீராவியாகும். அது வெளியேற வழியில்லாமல் செம்பை உள்ளுக்குள்ளேயே விரிசல் விடச் செய்யும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பாய்லருக்கு வேண்டியது பாஸ்பரஸ் சேர்த்து ஆக்சிஜன் நீக்கிய சி106. ஐரோப்பியப் பெயர் சிடபிள்யூ024ஏ, அமெரிக்க எண் சி12200, மூன்றும் ஒன்றுதான். முதலில் கேட்ட இடத்தில் என்ன ரகம் என்று சொல்லத் தெரியவில்லை, விட்டுவிட்டேன். ஆலைச் சான்றிதழோடு தந்தவரிடமே வாங்கினேன். இங்கிலாந்தில் எங்கள் மாதிரி எஞ்சின் கழகத்தின் பாய்லர் பரிசோதகரும் முதலில் கேட்டது அந்தத் தாளைத்தான்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி தீக்குழாய்கள், அதாவது நெருப்பின் சூடான வாயு தண்ணீருக்கு நடுவே ஓடும் குழாய்கள். பழைய வரைபடத்தில் ⅜ அங்குலம், 22 கேஜ், நீளம் 7 அங்குலம். அப்படியே பெருக்கினால் 17/32 அங்குலம். இங்கேதான் கீலர் வாய்பாடு கைகொடுத்தது: குழாயின் நீளத்தை உள்விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்தால், எல்லாம் அங்குலத்தில், விடை 50-க்கும் 70-க்கும் இடையில் இருக்க வேண்டும். பழைய குழாய்க்கு 69 வருகிறது. பெருக்கிய குழாய்க்கு 49-க்குக் கீழே போய்விடுகிறது. நீளம் 17/12-ஆல் ஒரு முறை பெருகும்போது விட்டத்தின் வர்க்கம் இரண்டு முறை பெருகுவதால் வரும் விளைவு இது. குழாய் அகலமாகிவிட்டால் சூடான வாயு செம்பைத் தொடாமல் நடுவிலேயே ஓடிப் புகையறைக்குப் போய்விடும், நிலக்கரி வீண்.

ஆகவே விட்டத்தை 17/12-ஆல் பெருக்காமல் அதன் வர்க்கமூலத்தால், சுமார் 1.19-ஆல், பெருக்கினேன். 7/16 அங்குலம், 22 கேஜ் அச்சாகப் பொருந்தியது, நீளம் 9.92, விடை 68. அரை அங்குலக் குழாயும் 20 கேஜில் 54 என்று வரம்புக்குள் வரத்தான் செய்கிறது. ஆனால் நன்றாக ஓடிக் காட்டிய பழைய எஞ்சினின் எண்ணை ஒட்டியிருப்பதே எனக்கு நிம்மதி.

குழாய் ஒடுங்கியதால் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். பழையதில் 14. வாயு செல்லும் மொத்தப் பரப்பு இரு மடங்காக 20 வேண்டும். காகிதத்தில் வட்டம் வட்டமாக வெட்டிக் குழாய்த்தகட்டின் (குழாய்களின் முனைகளைத் தாங்கும் தகடு) மேல் அடுக்கிப் பார்த்தேன். சூப்பர்ஹீட்டருக்கான (நீராவியை மேலும் சூடாக்கும் அமைப்பு) இரண்டு பெரிய குழாய்கள் போக, துளைக்கும் துளைக்கும் நடுவே ⅛ அங்குலச் செம்பாவது விட்டால் 18தான் நின்றது. இடைவெளியைக் குறைத்து இன்னும் இரண்டைத் திணிக்கலாம். ஆனால் சோல்டர் ஓடவும், பின்னாளில் தண்ணீர் சுற்றிவரவும் அந்த இடம் வேண்டும். 18 போதும் என்று விட்டேன்.

கணக்கையும் வரைபடத்தையும் பரிசோதகர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே ஆர்டர் கொடுத்தேன். தீக்குழாயில் இரண்டு துண்டு உபரியாக. இப்போது குழாய்த்தகட்டின் விளிம்பைத் தட்டி மடித்துக்கொண்டிருக்கிறேன். பாய்லர் முடிந்ததும் முதல் சோதனை வேலை அழுத்தத்தின் இரு மடங்கில், 200 பி.எஸ்.ஐ. தண்ணீர் அழுத்தத்தில்.