கணையத்தருகே ஒரு கட்டி: அத்தைக்கு எந்த அறுவை சிகிச்சை?

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டிருந்தபோதுதான் அத்தையின் கண்களைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தேன். வெண்விழி முழுவதும் மஞ்சள் படர்ந்திருந்தது. மூன்று வாரமாகவே உடம்பெல்லாம் அரிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். புதுச் சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துச் சோப்பை மாற்றிக் கொடுத்தேன். இரவெல்லாம் மரச்சீப்பால் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தவருக்குத் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன். சிறுநீர் தேயிலைச் சாயம் போலவும் மலம் சுண்ணாம்பு நிறத்திலும் போவதை அவர் கூச்சப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. வலியில்லாமல் மஞ்சள் காமாலை வந்தால் தயவுசெய்து ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். அந்த மூன்று வாரத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) ரத்தம் எடுத்தார்கள். அன்றே பொது மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார்கள். பித்தநாளமும் கணைய நாளமும் ஒன்றுகூடி முன்சிறுகுடலில் திறக்கும் இடத்தில் ஒரு கட்டி பித்தத்தின் வழியை அடைத்திருப்பது சிடி ஸ்கேனில் தெரிந்தது. வாய்வழியாக எண்டோஸ்கோப்பி செலுத்திப் பித்தநாளத்தில் பித்தம் வடிய ஸ்டென்ட் என்ற சிறு குழாய் வைத்துச் சதைத்துணுக்கும் எடுத்தார்கள். நான்காம் நாள் அரிப்பு அடங்கி அத்தை நிம்மதியாகத் தூங்கினார். பிறகு முடிவு வந்தது: புற்றுநோய், ஆனால் ஆரம்பக் கட்டம். கணையத்தின் தலைப் பகுதி, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தநாளத்தின் கீழ்ப்பகுதி எல்லாவற்றையும் சேர்த்து எடுக்க வேண்டும். விப்பிள் அறுவை சிகிச்சை என்று அதற்குப் பெயர். 1935இல் நியூயார்க் மருத்துவர் ஆலன் விப்பிள் அதை விவரித்து எழுதியதால் வந்த பெயர்.

அதற்குப் பிறகுதான் வீட்டில் பேச்சு கிளம்பியது. கோயம்புத்தூரிலிருந்து அத்தையின் தம்பி, எங்கள் மாமா, தினமும் அழைத்தார். "எதற்கு அக்காவின் வயிற்றைக் கிழிக்க வேண்டும்? இங்கே சின்னச் சின்னத் துளை போட்டு, நுண்துளை வழியாகவே செய்கிறார்கள், ஏழே நாளில் வீடு" என்பார். எதிர் புளோக்கில் இருக்கும் அக்காவும், தன் நாத்தனாருக்குக் கணையக் கட்டியை நுண்துளை வழியாக எடுத்து ஒரே வாரத்தில் அனுப்பிவிட்டார்கள் என்றார். என் கணவருக்கும் ஆசை வந்துவிட்டது. எனக்கும்தான். 67 வயதில் அத்தைக்கு அவ்வளவு பெரிய காயம் வேண்டாம் என்று மனம் அடித்துக்கொண்டது.

மாமா சொன்னதில் உண்மை இருந்தது. கோயம்புத்தூர் ஜெம் மருத்துவமனையில் நடந்த ஆய்வு 2017இல் வெளிவந்திருக்கிறது. இதே இடத்துக் கட்டி உள்ள 64 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து அறுவை செய்தார்கள். மருத்துவமனையில் தங்கிய நாள்களின் இடைநிலை அளவு நுண்துளை முறையில் 7, திறந்த முறையில் 13. இதை அச்செடுத்துக்கொண்டு அறுவை மருத்துவரிடம் போனேன்.

அவர் அதை ஏற்கெனவே படித்திருந்தார். கோபப்படவில்லை, எங்களை அவசரப்படுத்தவுமில்லை. சந்திப்புச் சீட்டைத் திருப்பிப்போட்டுப் பேனாவால் வரைந்தார். எதை எடுக்கிறோம் என்பதைவிட எடுத்தபின் எதை எதோடு இணைக்கிறோம் என்பதுதான் இதில் கடினம் என்றார். மீதிக் கணையத்தைக் குடலோடு, பித்தநாளத்தைக் குடலோடு, இரைப்பையைக் குடலோடு என்று மூன்று இணைப்புகள். வயிற்றைத் திறந்தாலும் துளை போட்டாலும் உள்ளே இதே மூன்று இணைப்புகள்தான். அத்தையின் கணைய நாளம் விரியாமல் 2 மில்லிமீட்டர்தான் இருந்தது. கணையமும் மென்மையாகவே இருக்கும் என்று எதிர்பார்ப்பதாகச் சொன்னார். கல்லடைத்து இறுகிய கணையத்தில் தையல் நிற்கும். மென்மையான கணையத்தில் கணைய நீர் கசியும் ஆபத்து அதிகம்.

தமிழ்த் தாதி ஒருவர் இதை மொழிபெயர்த்ததும் அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். முப்பது வருடம் ரவிக்கை தைத்தவர். "நைந்த ஜார்ஜெட்டில் ஓரம் அடிப்பது மாதிரி. தையல் போடலாம், துணி தாங்காது. பிரிந்தால் எப்படித் தெரியும்?" என்று கேட்டார். அந்த அறையில் கேட்கப்பட்டவற்றில் மிகச் சரியான கேள்வி அதுதான். பக்கத்தில் வைக்கும் வடிகுழாயில் வரும் நீரை எடுத்து, அதில் கணைய நீரில் இருக்கும் அமைலேஸ் என்ற நொதி எவ்வளவு என்று பார்ப்போம் என்றார் மருத்துவர்.

பிறகு மற்ற ஆய்வுகளைச் சொன்னார். நெதர்லாந்தில் நான்கு மருத்துவமனைகள் நடத்திய ஆய்வைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. நுண்துளை முறையில் 50 பேரில் 5 பேரும், திறந்த முறையில் 49 பேரில் ஒருவரும் 90 நாளுக்குள் சிக்கல்களால் இறந்தார்கள். எண்ணிக்கை சிறியது, தற்செயலாகவும் இருக்கலாம். ஆனாலும் பயிற்சி பெற்ற மருத்துவர்கள் கையிலேயே இப்படி நேர்ந்தது கவலைக்குரியது என்று 2019இல் அவர்களே எழுதினார்கள். சீனாவில் 14 மருத்துவமனைகளில் 656 பேரை வைத்து நடந்த ஆய்வு 2021இல் வந்தது. அங்கே இறப்பில் பெரிய வேறுபாடு இல்லை. தங்கிய நாள்கள் நுண்துளை முறையில் 15, திறந்த முறையில் 16. அதில் பங்கேற்ற மருத்துவர் ஒவ்வொருவரும் குறைந்தது 104 நுண்துளை விப்பிள் செய்தவர்.

நான் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன்: "நீங்கள் எத்தனை செய்திருக்கிறீர்கள்?" அவர் முகம் மாறவில்லை. திறந்த முறையில் பல ஆண்டுகளாகச் செய்கிறேன், நுண்துளையில் என் எண்ணிக்கை குறைவு, இந்தக் கணையத்துக்குத் திறந்தே செய்ய விரும்புகிறேன், வேண்டுமானால் நுண்துளையில் அதிகம் செய்பவரிடம் அனுப்புகிறேன் என்றார். எதிர் புளோக் நாத்தனாருக்குக் கட்டி எங்கே என்றும் விசாரித்தார். கணையத்தின் வால் பகுதி. அங்கே கட்டியை எடுத்தால் இணைக்க வேண்டிய வேலையே இல்லை. நுண்துளை முறை அதற்கு நன்றாக நிலைபெற்றுவிட்டது என்றார். இரண்டையும் ஒரே தராசில் வைத்து நாங்கள் இத்தனை நாள் உறக்கம் கெட்டிருந்தோம்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் அத்தை முடிவைச் சொல்லிவிட்டார்: "கை பழகிய மாதிரியே தைக்கட்டும், கண்ணு."

பணக் கணக்கு சீக்கிரம் முடிந்தது. அரசாங்க மானியம் உள்ள பி2 வார்டு, மெடிஷீல்டு லைஃப் காப்புறுதி, மீதிக்கு என் கணவரின் மெடிசேவ் மருத்துவச் சேமிப்பு. அறுவைக்கு முன் இரண்டு வாரம் மூன்று பந்து உள்ள கருவியில் மூச்சை இழுத்துப் பழகச் சொன்னார்கள். அத்தை நாடகம் பார்த்துக்கொண்டே இழுப்பார். பின்னால் வலியோடு சளியை வெளியேற்ற அதுதான் உதவியது.

அறுவை ஏழு மணி நேரம் நடந்தது. மூன்றாம் நாள் வடிகுழாயில் இளஞ்சிவப்பாக வந்துகொண்டிருந்த நீர் சாம்பல் கலந்த பழுப்பாக மாறியது. அமைலேஸ் உயர்ந்திருந்தது. கசிவு. நான் கழிவறைக்குப் போய் அழுதேன். ஆனால் காய்ச்சல் வரவில்லை, ஸ்கேனில் எங்கும் நீர் தேங்கவில்லை. குழாயை எடுக்காமல் விட்டுவைத்தார்கள். தாதியர் ஒவ்வொரு வேளையும் பையைத் தூக்கி அளந்து எழுதினார்கள். அத்தையும் தன் பங்குக்கு நாள்காட்டித் தாளில் மில்லிலிட்டரைக் குறித்துக்கொண்டார். 120, 90, 60, 25. இரைப்பை மெதுவாகத்தான் வேலை செய்தது; கஞ்சி நாலு கரண்டிக்கு மேல் இறங்க ஒன்பது நாள் ஆயிற்று. பதினேழாம் நாள் குழாயை எடுத்தார்கள், மறுநாள் வீட்டுக்கு வந்தோம். வெட்டிய விளிம்புகளில் புற்று இல்லை, எடுத்த 18 நிணநீர்க் கணுக்களில் ஒன்றிலும் பரவவில்லை என்று அறிக்கை வந்தது.

வீட்டுக்கு வந்தபின் ஒன்று எங்களைத் தடுமாற வைத்தது. கொழுப்பு செரிக்க ஒவ்வொரு வேளையும் உணவோடு நொதி மாத்திரை சாப்பிட வேண்டும். அது பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுவது என்று மருந்தாளர் முன்கூட்டியே சொன்னார். அத்தை பிறந்ததிலிருந்து சைவம். இரண்டு நாள் மாத்திரையைத் தொடவில்லை, உணவு எண்ணெய் மிதக்க அப்படியே வெளியேறியது. மூன்றாம் நாள் சாமி அறையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்து, "தண்ணீர் கொடு" என்றார். சாப்பாட்டுக்கு முன்போ பின்போ விழுங்கினால் பலன் குறைவு; முதல் வாயோடு ஒன்று, நடுவில் ஒன்று என்று பழக்கினோம்.

ஐந்து மாதம் ஆகிறது. எடை நான்கு கிலோ ஏறியிருக்கிறது. மாமா போன வாரம் காணொளியில் அழைத்துத் தழும்பு எவ்வளவு நீளம் என்று கேட்டார். அத்தை தையல் நாடாவை எடுத்து, சேலைக்கு மேலேயே வைத்து அளந்து, "இருபத்திரண்டு சென்டிமீட்டர், தம்பி" என்றார். பிறகு வெகுநேரம் மாமாவுடைய பேத்தியின் கல்யாண ரவிக்கைக்கு என்ன நிறம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.