பாலம் வேண்டாம், பலகைப் பாதை போதும்: குடும்பத்தோடு மெக்ரிட்சி

ஊரிலிருந்து சிங்கப்பூருக்கு உறவினர் வந்தால் மரினா பே, செந்தோசா, தேக்கா, முஸ்தபா என்று ஒரு சுற்று கட்டாயம் உண்டு. அது முடிந்ததும் "இனி எங்கே கூட்டிப் போறது?" என்று வீட்டில் பேச்சு எழும். என் ஓட்டு எப்போதும் மெக்ரிட்சி நீர்த்தேக்கத்துக்குத்தான். நுழைவுச்சீட்டு கிடையாது, வரிசை கிடையாது. ஆனால் இணையத்தில் தேடினால் மரங்களுக்கு மேலே தொங்கும் அந்தப் பாலத்தின் படம்தான் முதலில் வந்து நிற்கும். அதைப் பார்த்துவிட்டு முழங்கால் வலிக்கிற மாமியாரையும் தூக்கச் சொல்லி அழுகிற பிள்ளையையும் இழுத்துக்கொண்டு வெயிலில் ஏறுகிறவர்களைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது. பாலத்தை விட்டுவிட்டாலும் மெக்ரிட்சியில் ஒரு காலைப்பொழுது நிறைவாகப் போகும். குடும்பமாகப் போகிறவர்களுக்கு அதுதான் மெக்ரிட்சி என்பேன்.

இந்த முறை அப்பா, அம்மா, மனைவி, ஐந்து வயது மகள். அப்பா கும்பகோணம் பக்கம். தண்ணீரைக் கண்டால் அது எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று விசாரிக்காமல் நகரமாட்டார். கால்டிகாட் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தோம். மேரிமவுண்ட்டிலிருந்தும் நடக்கலாம். வயதானவர்களுக்கு அந்த நடையே அதிகம் என்று தோன்றினால் பூங்கா வாசலிலேயே நிற்கும் பேருந்துகள் இருக்கின்றன. காலை எட்டு மணிக்குள் போய்ச் சேர்ந்துவிடுங்கள். பத்தரைக்கு மேல் புழுக்கம் ஆரம்பித்தால் காட்டு நிழலும் காப்பாற்றாது.

கரையை எட்டியதும் அப்பா முதலில் தேடியது மதகை.

"ஏன்டா, ஏரின்னா மதகு வேணாமா? வாய்க்கால் எந்தப் பக்கம் போகுது?"

"வாய்க்கால் இல்லப்பா. குழாய்ல போய் சுத்திகரிச்சு வீட்டுக்கு வருது."

"அப்ப இதுல ஒரு காணி நிலம்கூடப் பாசனம் இல்ல?"

இல்லை. இது குடிதண்ணீருக்காகவே கட்டியது. சிங்கப்பூரின் மிகப் பழைய நீர்த்தேக்கம். 1857-ல் டான் கிம் செங் என்ற செல்வந்தர் ஊருக்கு நல்ல தண்ணீர் வரவேண்டும் என்று 13,000 வெள்ளி (டாலர்) கொடுத்தார். அணை கட்டி முடிந்தது 1868-ல். அதற்குப் பிறகும் பம்ப், குழாய் வேலையெல்லாம் இழுத்து, ஊருக்குள் தண்ணீர் போக இன்னும் பத்தாண்டு ஆனது. பணம் கொடுத்தவர் 1864-லேயே காலமாகிவிட்டார். அவர் பெயரில் 1882-ல் வைத்த நீரூற்று இன்றும் எஸ்பிளனேடு பூங்காவில் நிற்கிறது. அணையைப் பெரிதாக்கிய நகராட்சிப் பொறியாளர் ஜேம்ஸ் மெக்ரிட்சியின் பெயரை 1922-ல்தான் இதற்கு வைத்தார்கள். அப்பாவுக்கு அந்தப் பொறியாளரைவிட 13,000 கொடுத்தவரைத்தான் பிடித்துப்போனது. "குளம் வெட்டின புண்ணியம்" என்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தார்.

சுற்றியிருக்கும் காடு தப்பியதும் இந்தத் தண்ணீரால்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிளகும், தோல் பதனிட உதவும் கேம்பியர் செடியும் பயிரிடத் தீவின் காடுகளை வெட்டித் தள்ளினார்கள். நீர்த்தேக்கம் வந்தபிறகு, மழை விழுந்து வடிந்து வருகிற இந்தச் சரிவில் மேலும் கைவைக்க முடியாமல் போனது. மரம் போனால் மண் கரைந்து ஏரி தூர்ந்துவிடும். இன்று இது 2,000 ஹெக்டேருக்கும் அதிகமான மத்திய நீர்ப்பிடிப்பு இயற்கைக் காப்பகம். மெக்ரிட்சி, கீழ் பியர்ஸ், மேல் பியர்ஸ், மேல் சிலேத்தார் என்று நான்கு நீர்த்தேக்கங்கள் அதற்குள் இருக்கின்றன. புதிய எம்ஆர்டி (நகர ரயில்) பாதை ஒன்று காட்டுக்கு அடியில் போகலாமா என்று இங்கே ஆண்டுக்கணக்கில் வாதம் நடந்தது. கடைசியில் 2019-ல், சுமார் 70 மீட்டர் ஆழத்தில் குடைந்து போவது என்று முடிவானது.

நடைப் பாதைகளுக்கு மரங்களின் பெயர்கள்: புருனஸ், பெத்தாய், செம்பராய், ஜெரிங். பெத்தாய் என்பது மலாய்க்காரர்கள் சம்பால் என்னும் மிளகாய் விழுதில் போட்டுச் சாப்பிடுகிற அந்த நாற்றக் கொட்டைதான். பிடித்தவர்களுக்கு உயிர்; என் மனைவி அது இருக்கிற மேசைப் பக்கமே வரமாட்டாள். குடும்பத்துக்கு நான் பரிந்துரைப்பது கரையை ஒட்டிப் போகிற செம்பராய் பலகைப் பாதை. ஒரு கையெட்டும் தூரத்தில் தண்ணீர், தலைக்கு மேலே காடு. பெரும்பாலும் சமதளம். போன வழியே எப்போது வேண்டுமானாலும் திரும்பிவிடலாம் என்பதுதான் இதன் பெரிய வசதி. வளையமாகச் சுற்றும் பாதைகளில் பாதி தூரத்தில் பிள்ளை உட்கார்ந்துவிட்டால் முன்னே போவதும் ஒன்றுதான், பின்னே போவதும் ஒன்றுதான். தள்ளுவண்டியை மட்டும் நம்பிப் போகாதீர்கள்; பூங்காப் பகுதிக்கு அது சரி, பலகைப் பாதையில் ஆங்காங்கே படி வரும். மழை பெய்த மறுநாள் பலகை வழுக்கும். ரப்பர் செருப்பு வேண்டாம்.

அம்மா புடவைதான். காலணி மட்டும் மருமகளுடையது. கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தவர் திடீரென்று நின்றார்.

"ஏங்க, இங்க வாங்க. உடும்பு!"

பலகையின் ஓரத்தில், வேர்களுக்கு நடுவே, ஒரு ஆள் நீளத்துக்கு நீர் உடும்பு. முதுகில் மங்கிய மஞ்சள் புள்ளி வளையங்கள். ஊதா நிறப் பிளவு நாக்கை நீட்டி நீட்டி இழுத்தது. எங்களைப் பொருட்படுத்தவே இல்லை. கழுத்துக்குக் கீழே தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கி, மூச்சு விடும்போதெல்லாம் பையாட்டம் உப்பியது. பிறகு வாலை ஒரு பக்கமாகத் தள்ளி, சத்தமே இல்லாமல் தண்ணீரில் இறங்கி, கால்களை உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு வாலால் மட்டும் நீந்திப் போனது. மகள் கேட்டாள்: "தாத்தா, அது டைனோசர் பேபியா?" தாத்தா வெகு நேரம் யோசித்து, "தூரத்துச் சொந்தம்" என்றார்.

குரங்குகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இங்கே நீள்வால் குரங்குகள் கூட்டம் கூட்டமாக இருக்கின்றன. அவற்றுக்கு மனிதர்கள் மேல் அக்கறை இல்லை, பிளாஸ்டிக் பை மேல்தான் கண். பை சரசரத்தால் அதில் தீனி இருக்கிறது என்று அவற்றுக்கு யாரோ கற்றுக்கொடுத்துவிட்டார்கள். எனவே தின்பண்டம் எல்லாம் முதுகுப்பைக்குள், ஜிப் போட்டு. கையில் பாட்டில்கூட வேண்டாம். கண்ணோடு கண் பார்க்காமல், ஓடாமல், பிள்ளையைக் கைப்பிடித்துக்கொண்டு கடந்துவிட்டால் போதும். தீனி போட்டால் 5,000 வெள்ளி வரை அபராதம். இதை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தேன். இல்லாவிட்டால் ஆஞ்சநேயர் என்று வாழைப்பழத்தை எடுத்திருப்பார்.

மரத்தண்டுகளை நிமிர்ந்து பார்த்தபடி நடந்தால் கொலுகோ என்கிற விலங்கு கண்ணில் படலாம். பகலில் பட்டையோடு பட்டையாக ஒட்டிக்கொண்டு தூங்கும். தோல் மடிப்பை விரித்து மரம் விட்டு மரம் மிதப்பது எல்லாம் இரவில்தான். எங்களுக்குக் கிடைக்கவில்லை. துடுப்புவால் கரிச்சான் கிடைத்தது: வாலிலிருந்து இரண்டு கம்பி, அதன் முனையில் இரண்டு கறுப்பு இலை, பறக்கும்போது பின்னாலேயே இரண்டு வண்டு துரத்துவது போலிருக்கும்.

அப்பாவின் தீராத ஆதங்கம் வேறு. "இவ்வளவு தண்ணி வச்சிருக்கான், ஒருத்தன் குளிக்கலையே!" குளிக்கக் கூடாது என்று சொன்னேன். சற்றுத் தள்ளித் துடுப்புப் படகுகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்ததைக் காட்டி, "இவனுங்க விழுந்தா?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

பூங்காப் பக்கம் திரும்பியபின் தெம்பு மிச்சமிருந்தால் லிம் போ செங் கல்லறைக்கு ஒரு எட்டு போய் வரலாம். ஜப்பானியர் ஆட்சிக்கு எதிராக பிரிட்டிஷாரின் ரகசியப் படையான 136-ஆம் படையில் இயங்கி, பிடிபட்டு, 1944-ல் மலாயாவின் பேராக் மாநிலத்தில் பத்து காஜா சிறையில் இறந்தவர். போர் முடிந்து 1946-ல் உடலை இங்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். அதே போர்க்காலத்தில் ஜப்பானியர் இந்தக் காட்டுக்குள் கட்டிய கோயிலின் எச்சங்களும் உள்ளே எங்கோ கிடக்கின்றன. அங்கே போக அனுமதி இல்லை, தேடவும் வேண்டாம்.

சரி, பாலம்தான் வேண்டும் என்பவர்களுக்கு: மரவுச்சி நடைபாலம் 2004-ல் திறந்தது, 250 மீட்டர் நீளம், தரையிலிருந்து 25 மீட்டர் உயரம் வரை போகும். அகலம் ஆள் போகிற அளவுதான், ஒருவழி. ஏறிவிட்டால் மனம் மாறித் திரும்ப முடியாது; இறங்கியதும் படிகள் வேறு காத்திருக்கும். திங்கட்கிழமை மூடியிருக்கும், பொது விடுமுறை வந்தால் மட்டும் விதிவிலக்கு. மெக்ரிட்சி பூங்காவிலிருந்து கிளம்பினால் போய்த் திரும்ப 10 கிலோமீட்டருக்கு மேல். வீனஸ் டிரைவ் சாலைப் பக்கமிருந்து, 2017-ல் திறந்த விண்ட்சர் இயற்கைப் பூங்கா வழியாகப் போனால் தூரம் நன்றாகக் குறையும். பத்து வயதுக்கு மேல் பிள்ளைகள் என்றால் சந்தோஷமாகப் போங்கள்.

எங்களுக்கு அன்றைக்கு அடுத்த கட்டம் அப்பர் தாம்சன் சாலை பரோட்டாக் கடை. முட்டை பரோட்டாவும் தே தாரிக்கும் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) வந்ததும் மகளுக்கு எங்கிருந்தோ புது வேகம் வந்துவிட்டது. அம்மா மட்டும், "பரோட்டா சரி, குழம்பில் இனிப்பு எதுக்கு?" என்று ஒரு குறையும் வைத்தார்.

இந்த நடைகூட அதிகம் என்கிற பெரியவர்கள் வீட்டில் இருந்தால் கீழ் பியர்ஸ் நீர்த்தேக்கத்தைப் பாருங்கள். 1910-ல் கட்டியது. அங்கே கரையோரப் பலகைப் பாதை 900 மீட்டர்தான், அதுவும் முதிர்ந்த காட்டு நிழலில். அப்பாவிடம் சொன்னேன். "அங்கயாவது மதகு இருக்கா?" என்று கேட்டிருக்கிறார்; அடுத்த சனிக்கிழமை போகிறோம்.