வாங்கிக்கொள்ளத் தெரியாத கை

முலாஞ்சேக்கு நாங்கள் வந்து சேர்ந்தது ஒரு ஜூன் மாதம். மலாவியில் அது குளிர்காலம். ஆப்பிரிக்கா என்றாலே வெயில் என்று நினைத்துப் பெட்டி கட்டிய எனக்கு முதல் வாரமே ஸ்வெட்டர் தேட வேண்டியதாயிற்று. மொசாம்பிக் பக்கமிருந்து வரும் குளிர்ந்த தூறலை இங்கே சிப்பெரோனி என்கிறார்கள். பிடித்துக்கொண்டால் மூன்று நான்கு நாள் விடாது. 3,002 மீட்டர் உயர மலை எதிரே நின்றும் கண்ணுக்குத் தெரியாது. தூறல் விலகிய ஒரு காலையில் கதவைத் திறந்தால் மலையடிவாரம் முழுக்கத் தேயிலை. மாஞ்சோலைக்கே வந்துவிட்டோமோ என்று ஒரு கணம் நெஞ்சு அடைத்தது.

என் கணவர் கணக்கு வாத்தியார், நான் நர்ஸ். ஒரு மிஷன் மருத்துவமனையில் குழந்தைகள் வார்டில் எனக்கு வேலை.

முதல் நாளே தவறு செய்தேன். ஒவ்வொரு கட்டிலாகப் போய், “காய்ச்சல் எத்தனை நாளாக? சாப்பிடுகிறானா? வாந்தி உண்டா?” என்று மொழிபெயர்ப்பவர் மூலம் கேட்டுக் குறித்துக்கொண்டு வந்தேன். வேகமாக முடித்துவிட்டேன் என்று எனக்குத் திருப்தி. டீ நேரத்தில் மூத்த நர்ஸ் என்னைத் தனியே அழைத்தார். “சிஸ்டர், நீங்கள் இன்று யாரையும் நலம் விசாரிக்கவில்லை” என்றார்.

சிச்சேவா மொழியில் காலையில் “ம்வாட்சுகா ப்வாஞ்சி?” என்று கேட்க வேண்டும். எப்படி விழித்தீர்கள் என்று அர்த்தம். மதியத்துக்கு மேல் என்றால் “ம்வாஸ்வேரா ப்வாஞ்சி?”, பகல் எப்படிப் போயிற்று. பதில் சொல்கிறவர் அதோடு விடமாட்டார். “காயா இனு?” என்று திருப்பிக் கேட்பார். அப்போ நீங்கள்? பிள்ளை காய்ச்சலில் முனகிக்கொண்டிருக்கும்போதும் அந்தத் தாய் என்னைக் கேட்பாள். நான் கேட்பதைப் பழகிக்கொள்ள ஒரு வாரம் போதுமாக இருந்தது. அவர்கள் என்னை விசாரிக்க நான் நின்று கொடுப்பதற்குத்தான் மாதங்கள் ஆயின. அந்த ஒரு நிமிடத்தில் நான் யாருக்கும் எதுவும் செய்வதில்லை. அவர்கள்தான் எனக்குச் செய்கிறார்கள். அது எனக்குக் கூச்சமாக இருந்தது. ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

மொழி பயந்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை. நமக்கு நீ, நீங்கள் இருப்பதுபோல் அவர்களுக்கு இவே, இனு. பெரியவர்களிடம் இவே வந்துவிடக் கூடாது. அம்மாவுக்கு அமாயி, வயதான தாத்தா பாட்டி யாராக இருந்தாலும் அகோகோ. சாப்பாடும் அப்படித்தான். வெள்ளைச் சோளமாவைக் கொதிநீரில் கிளறிச் செய்யும் ன்சிமா நம் களிக்குத் தங்கச்சி. ஏரியில் பிடித்துக் காயவைத்த உசிப்பா என்ற பொடிமீன், மணத்திலும் ருசியிலும் நெத்திலிக் கருவாடுதான். கரண்ட் போவதும் தண்ணீர் வராததும் ஊரிலேயே பழகியவை, அதைச் சொல்ல வேண்டியதில்லை.

நான் வளர்ந்தது திருநெல்வேலிப் பக்கத்து ஒரு சபையில். எங்கள் வீட்டு அடுப்படியில் அரிசிப் பானைக்குப் பக்கத்திலேயே ஒரு தகர டப்பா இருக்கும். உலை வைக்கும்போதெல்லாம் அம்மா ஒரு பிடி அரிசியை அந்த டப்பாவில் போடுவாள். மாதக் கடைசியில் சபைப் பெண்கள் அதைச் சேர்த்து விற்று ஊழியத்துக்கு அனுப்புவார்கள். பிடி அரிசிக் காணிக்கை. 1903இல் பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கம் தெலுங்கு நாட்டுக்கு ஆள் அனுப்பியது நம்மவர் காசில்தான். வெளிநாட்டுப் பணத்தை நம்பாமல் நாமே கொடுத்தோம் என்று ஞாயிறு பள்ளியில் பெருமையாகச் சொல்லிக் கொடுப்பார்கள். அந்தப் பெருமை இன்றும் எனக்கு உண்டு. ஆனால் சிறுவயதிலிருந்து என் கை கொடுத்தே பழகிய கை. வாங்குகிறவர்கள் எங்கேயோ தூரத்தில் இருந்தார்கள்.

இங்கே முதல் மழை நவம்பர், டிசம்பரில் விழும்போது சோளம் ஊன்றுவார்கள். ஏப்ரல், மே மாதத்தில்தான் அறுப்பு. நடுவில் ஜனவரியிலிருந்து மார்ச் வரை, போன வருஷத்துச் சோளம் தீர்ந்து புதுச் சோளம் வராத மாதங்கள். மழையோடு மலேரியாவும் ஏறுவது அதே மாதங்களில்தான். வார்டில் ஒரே கட்டிலில் இரண்டு பிள்ளைகளைப் போட வேண்டி வரும்.

அப்படி ஒரு ஜனவரியில் ஒரு அகோகோ தன் பேரனை முதுகில் சித்தெஞ்சேத் துணியில் கட்டித் தூக்கி வந்தார். நான்கு வயது. உள்ளங்கை வெள்ளைத்தாள்போல வெளுத்திருந்தது. இரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது, மாமன் வந்து கொடுத்தார். நோயாளியோடு வருகிறவர்தான் இங்கே சமைத்துப் போட வேண்டும். அகோகோ மருத்துவமனைக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் ஈர விறகை ஊதி ஊதிக் கஞ்சி காய்ச்சினார். ஐந்தாம் நாள் பையன் எழுந்து உட்கார்ந்து என் பேனாவைப் பிடுங்கினான்.

இரண்டு வாரம் கழித்து அகோகோ திரும்ப வந்தார். இரண்டு மணி நேரம் நடந்து வந்திருக்கிறார். கையில் ஒரு கோழி, கால்களை வாழைநாரால் கட்டியிருந்தது. முழங்காலை மடித்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். பசிமாதம். அந்த வீட்டில் அது ஒன்றுதான் கோழியாக இருக்கலாம். நான் நல்லதுதான் நினைத்தேன். “வேண்டாம் அகோகோ, கொண்டுபோய் முட்டையைப் பேரனுக்குக் கொடுங்கள்” என்று அவர் கையை மெதுவாகத் தள்ளினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. கோழியை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்து போனார்.

மூத்த நர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார். “அவர் நன்றியை நீங்கள் அவரிடமே திருப்பி அனுப்பிவிட்டீர்கள். இனி உங்கள் முன்னால் அவர் எப்படி நிமிர்ந்து நிற்பார்?” என்றார். குடையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். செம்மண் பாதையில் யாரும் இல்லை.

அன்று இரவு ஜெபிக்க உட்கார்ந்தபோது ஒரு வார்த்தையும் வரவில்லை. வேதத்தில் எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த இடங்களே வேறு மாதிரி தெரிந்தன. இயேசு எழுபது பேரை அனுப்புகிறபோது பணப்பையும் சாமான் பையும் கொண்டுபோக வேண்டாம் என்கிறார். உங்கள் முன் வைக்கிறதைச் சாப்பிடுங்கள் என்கிறார். அனுப்பப்பட்டவன் வாங்கிச் சாப்பிடத்தான் வேண்டும். சமாரியப் பெண்ணிடம் அவர் முதலில் பேசிய பேச்சே, தாகத்துக்குத் தா. இருபது வருஷமாக அந்தப் பகுதியை வாசித்திருக்கிறேன், ஜீவத்தண்ணீர் என்ற இடத்துக்கு வேகமாகப் போய்விடுவேன். கேட்ட கையை நான் பார்த்ததே இல்லை.

அந்த இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான அசரியா ஐயா 1910இல் எடின்பரோ மிஷனெரி மாநாட்டில் மேல்நாட்டு மிஷனெரிகளுக்கு முன்னால் நின்று பேசியதும் அன்றுதான் எனக்கு உறைத்தது. எங்களுக்காக உடைமையைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பைக் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். நம் வெள்ளாளன்விளைக்காரர் அவர்களைப் பார்த்துக் கேட்டது என்று பெருமையோடு சொல்லிக்கொண்டிருந்தேன். முலாஞ்சேயில் அவர்கள் நின்ற இடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

அடுத்த வருஷம் பிப்ரவரி. விடியற்காலை மூன்றரை மணிக்குப் போன். ஊரில் அப்போது ஏழு மணி. தம்பி, “அக்கா, அம்மா போயிட்டாங்க” என்றான். அதற்குமேல் அவனாலும் முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. அடக்க ஆராதனை அன்று மாலையே. பிளான்டயருக்குப் போய், அங்கிருந்து அடிஸ் அபாபா, பிறகு இந்தியா, அப்புறம் ஊர் என்று கணக்குப் போட்டால் இரண்டு நாள் ஆகும். கணவர் போனில் அடக்கத்தைக் காட்டுகிறேன் என்றார். வேண்டாம் என்றேன்.

நாங்கள் யாருக்கும் சொல்லவில்லை. எப்படியோ ஏழு மணிக்குள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. வாசலில் “ஒடி!” என்று குரல் கேட்டது. வீட்டுக்குள் வர அனுமதி கேட்கும் வார்த்தை அது. எதிர்வீட்டு அமாயி. பின்னால் சபையின் ம்வானோ சங்கத்துப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர், மழையில் நனைந்தபடி. “பெப்பானி, அமாயி”, வருந்துகிறோம் அம்மா, என்று ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டு, நாற்காலிகளை ஓரமாக ஒதுக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்கள். ஆண்கள் வெளியே என் கணவரோடு திண்ணையில். பெண்களில் ஒருவர் என்னைக் கையைப் பிடித்துத் தரையில் உட்காரவைத்து என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். அவர் உடம்பில் விறகுப் புகை வாசம். என் அம்மாவின் சேலையில் வரும் அதே வாசம். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அங்கேதான் உடைந்தது.

அவர்கள் பாடினார்கள். எனக்குப் பாதி வார்த்தைதான் புரிந்தது. நடுநடுவே மௌனமாக இருந்தார்கள். யாரும் ஆறுதல் வசனம் சொல்லவில்லை. அது எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று அவர்களுக்குத் தெரிந்தே செய்தார்கள் என்று நினைக்கிறேன். ஐயாயிரம் கிலோமீட்டருக்குக் குறையாத தூரத்தில் கிடந்த, அவர்கள் ஒருநாளும் பார்த்திராத ஒரு கிழவிக்காக அன்று பொழுது சாயும்வரை என்னோடு தரையில் இருந்தார்கள். ஊரில் மண் போட்டு முடித்த நேரத்தை நான் கடிகாரத்தில் பார்த்தபோது, என் கையை இரண்டு பேர் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

மாலையில்தான் அடுப்படியைக் கவனித்தேன். கதவோரம் ஒரு பிளாஸ்டிக் பேசின். வந்த பெண்கள் ஆளுக்குக் கொஞ்சமாகக் கொண்டுவந்து கொட்டிய சோளமாவு. சிலர் ஒரு கிண்ணம், சிலர் ஒரு பிடிதான் போட்டிருப்பார்கள். முக்கால் பேசின் இருந்தது. பிப்ரவரி மாதத்தில். அதில் பாதிப்பேர் வீட்டில் ஒருவேளைதான் அடுப்பு எரிகிறது என்று வார்டில் வேலை செய்யும் எனக்கு நன்றாகத் தெரியும். மாவின் மேல் மடித்து வைத்த சில க்வாச்சா நோட்டுகள்.

ஒரு பிடி, ஒரு பிடி. அம்மாவின் டப்பா.

கணவர் என்னைப் பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கேட்க வாயெடுத்தார் என்று தெரிந்தது. நான் தலையசைத்து வேண்டாம் என்றேன். எதிர்வீட்டு அமாயி அந்த மாவில் ன்சிமா கிளறினார். கூடக் கொஞ்சம் கீரை, இடித்த நிலக்கடலை போட்டது. ஒரு சிறுபெண் முழங்காலிட்டு என் கைக்குத் தண்ணீர் ஊற்றினாள். முன்பெல்லாம் நானே கழுவிக்கொள்கிறேன் என்று செம்பை வாங்கிவிடுவேன். அன்று கையை நீட்டினேன். சாப்பிட்டேன்.

பேசின் எதிர்வீட்டாருடையது. மறுவாரம் அதைக் கழுவித் துடைத்தேன். வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்பக் கூடாது என்பது நம் ஊர்ப் பழக்கம். ஒரு கிலோ சர்க்கரையை அளந்து அதில் கொட்டவும் செய்தேன். வாசல்வரை போய் நின்றேன். பிறகு திரும்பி வந்து சர்க்கரையை டப்பாவிலேயே போட்டுவிட்டு, வெறும் பேசினோடு தெருவைக் கடந்தேன்.

“ஒடி!”

அமாயி வெளியே வந்தார். முழங்காலை மடித்து, இரண்டு கையாலும் பேசினை நீட்டி, “ஸிகோமோ”, நன்றி, என்றேன். அவர் அதை வாங்கிச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, எனக்கு உட்காரப் பாய் எடுக்க உள்ளே போனார்.