சிமென்ட்டை உரித்த பிறகு

எங்கள் கல்லூரியின் பழைய நூலகக் கூடத்தை மாணவர்கள் சேர்ந்து உட்கார்ந்து வேலை செய்யும் இடமாக மாற்றும் குழுவில் நானும் இருந்தேன். நான் இயற்பியல் ஆசிரியை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் சேப்பாக்கம் செனட் ஹவுஸைக் கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஸோம் கட்டி முடித்த 1879-ஐ ஒட்டி எழுந்த கட்டடம் இது. ஆறு மாதம் என்று தொடங்கிய வேலை பதினாறு மாதம் இழுத்தது.

முதல் எதிரி ஓதம், சுவரில் ஊறும் ஈரம். எத்தனை முறை பெயிண்ட் அடித்தாலும் அடுத்த மழைக்கு உப்புப் பூத்து உதிரும். காரணம், சுண்ணாம்புச் சுவர்மேல் எப்போதோ பூசிய சிமென்ட். காரைக்குடிப் பக்கத்து மேஸ்திரி ஒரே வரியில் சொன்னார்: "செவுருக்கும் வேர்க்கும் மேடம். சிமென்ட் பூசுனா வேர்வை எங்க போகும்?" உள்ளேயே தங்கும் ஈரமும் உப்பும் செங்கல்லையே தின்றிருந்தன. அத்தனையும் உளியால் உரித்தோம். புதுப் பூச்சுக்கு நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு, மணல், கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர். ஒரு பூச்சு காயாமல் அடுத்ததைத் தொட மேஸ்திரி விடவில்லை. தாமதத்தில் பாதி அதனால்தான். அதில் எனக்கு வருத்தமே இல்லை.

கூரை மெட்ராஸ் டெரஸ். தேக்கு விட்டங்கள்மேல் ஆச்சிக்கல் என்னும் மெல்லிய செங்கற்களைச் சாய்வாகக் குத்தி நிறுத்திச் சுண்ணாம்பில் கட்டியது. முழுதாக இடித்துக் கான்கிரீட் போடுவதுதான் முதல் எஸ்டிமேட். விட்டம் விட்டமாகத் தட்டிப் பார்த்ததில், சுவருக்குள் நுழையும் முனை உளுத்தவை ஆறுதான். பழைய வீடுகளில் கழற்றிய தேக்கில் அவற்றை மட்டும் மாற்றினோம். கூரை தப்பியது.

கண்ணாடி அறைகளாகத் தடுக்கும் யோசனையையும் கைவிட்டோம். சக்கரம் வைத்த மேசைகள், நகர்த்தும் பலகைகள். சுவரைக் கொத்தாமல், தரைமேல் மரமேடை போட்டு அதனடியில் ஒயர்கள். இரண்டடிச் சுவரை வைஃபை தாண்டாததால் அறைக்கொரு பெட்டி.

ஒத்திகைக்கு முப்பது மாணவர்களை உட்காரவைத்தால் ஒருவர் பேச்சும் புரியவில்லை. இருபதடி உயரம், வழவழப்பான சுண்ணாம்பு; கைதட்டினால் இரண்டு விநாடிக்கு மேல் ஒலி சுற்றியது. கனமான பவானி ஜமக்காளங்களைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, சுவரிலிருந்து நான்கு அங்குலம் தள்ளி நிறுத்தினோம். ஒலியில் அசையும் காற்று இழைகளில் உரசும்போதுதான் துணி ஒலியை விழுங்கும்; சுவரை ஒட்டிய காற்று அசைவதில்லை. அங்கே துணிக்கு வேலை குறைவு. தள்ளி வைத்ததும் பக்கத்து மேசைப் பேச்சு அடங்கியது.

வடக்கு மூலைக்கு மட்டும் இன்னும் வெள்ளை அடிக்கவில்லை. இந்த ஐப்பசி மழை கழியட்டும் என்று விட்டிருக்கிறோம்.