முதல் ஒரு மணி நேரத்தில் என்ன சொல்வது?

ராணுவத்தின் செய்திப் பிரிவில் வேலை பார்த்தவன் என்று தெரிந்தால் பெரும்பாலானோர் கேட்பது ஒரே கேள்விதான்: "பூசி மெழுகுறதுதானே உங்க வேலை?" எனக்குக் கோபம் வருவதில்லை. கேட்பவர் பக்கம் நியாயம் இருக்கிறது, பல நாட்டு ராணுவங்கள் பல முறை பூசி மெழுகியிருக்கின்றன, அதைக் கீழே சொல்கிறேன். ஆனால் இந்த வேலையில் நாள் முழுக்க என்ன நடக்கிறது என்பது வெளியே தெரிவதில்லை. கேமரா முன்னால் நிற்பது அதில் சின்னப் பகுதி. மிச்ச நேரமெல்லாம் உள்ளே இருப்பவர்களோடுதான் போராட்டம்: தெரிந்ததை இப்போதே சொல்லிவிடுவோம் சார், தெரியாததைத் தெரியாது என்றே சொல்வோம் சார் என்று மூத்த அதிகாரிகளிடம் வாதாடி ஒப்புதல் வாங்க வேண்டும். நல்ல பி.ஆர்.ஓ. (மக்கள் தொடர்பு அதிகாரி) யார் என்று என்னைக் கேட்டால், தன் கமாண்டரிடம் போய் "இந்த வரியைப் போட முடியாது சார், இது நமக்கே இன்னும் தெரியாது" என்று சொல்லத் துணிகிறவரைத்தான் காட்டுவேன்.

பயிற்சிக்குப் போன ஹெலிகாப்டர் ஒன்று விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். யூனிட்டிலிருந்து முதல் தகவல் வரும். அந்த முதல் தகவலில் எண்ணிக்கையோ இடமோ நேரமோ ஏதாவது ஒன்று தப்பாக இருக்கும், இதை எந்த நாட்டு பி.ஆர்.ஓ.வும் ஒப்புக்கொள்வார். அதற்குள் பக்கத்து வயலில் நின்ற யாரோ எடுத்த செல்போன் வீடியோ ஊரெல்லாம் சுற்ற ஆரம்பித்திருக்கும், புகை தெரியும், சத்தம் கேட்கும். மேசைக்கு ஒரு வரைவு வரும்: "தொழில்நுட்பக் கோளாறு காரணமாக ஹெலிகாப்டர் விபத்துக்குள்ளானது. இருவர் லேசான காயமடைந்தனர். நிலைமை முழுக் கட்டுப்பாட்டில் உள்ளது." மூன்று வரி, மூன்றிலும் சிக்கல். தொழில்நுட்பக் கோளாறு என்று யார் கண்டுபிடித்தது, விசாரணை ஆரம்பிக்கவே இல்லையே? அந்தச் சொல்லை எடுத்துவிட்டால்தான் நாளைக்குக் காரணம் வேறு என்று தெரிந்தாலும் நாம் மாற்றிப் பேச வேண்டியிருக்காது. லேசான காயம் என்று மருத்துவர் சொன்னாரா, தூக்கிக்கொண்டு ஓடியவர் சொன்னாரா? முழுக் கட்டுப்பாடு என்று எழுதினால், வீடியோவில் இன்னும் எரிந்துகொண்டிருப்பதைப் பார்த்த ஆள் நம் அடுத்த வரியை எதற்கு நம்ப வேண்டும்? அடித்துத் திருத்திய பிறகு மிஞ்சுவது கொஞ்சம்தான்: இன்ன நேரத்தில், இன்ன பகுதியில், பயிற்சியில் இருந்த ஹெலிகாப்டர் விழுந்தது, மீட்புப் பணி நடக்கிறது, விசாரணைக்கு உத்தரவிடப்பட்டிருக்கிறது, அடுத்த தகவல் இத்தனை மணிக்கு.

அந்தக் கடைசி வரிதான் எனக்கு உயிர். சொன்ன நேரத்துக்குப் புதிதாக ஒன்றும் தெரியாவிட்டாலும் போய் நின்று "புதிதாக எதுவும் இல்லை, மீட்புப் பணி தொடர்கிறது" என்று சொல்லிவிட்டு வர வேண்டும். நிருபர்கள் காத்திருப்பார்கள், திட்ட மாட்டார்கள். நேரம் சொல்லிவிட்டு வராமல் போனால் அந்த இடத்தை வதந்தி பிடித்துக்கொள்ளும், அப்புறம் அதைத் துரத்துவதிலேயே ராத்திரி முழுக்கப் போய்விடும்.

அந்தக் குறிப்பை முதலில் யார் படிக்கப் போகிறார்கள் என்பதும் முக்கியம். நிருபர் இல்லை. அந்த யூனிட்டில் மகனோ மகளோ கணவனோ இருக்கும் ஒவ்வொரு வீடும்தான். பெயர் இல்லாவிட்டாலும் யூனிட் பெயரும் இடமும் போதும், நூறு வீடுகளில் போன் கையை விட்டு இறங்காது. அதனால்தான் குடும்பத்துக்குச் சொல்லாமல் பெயரை வெளியிடக் கூடாது என்பது இந்த வேலையில் மீறவே கூடாத விதி. அமெரிக்க ராணுவத்தில், குடும்பத்துக்குத் தெரிவித்து 24 மணி நேரம் ஆகும்வரை இறந்தவரின் பெயரை வெளியிடுவதில்லை. "எல்லா சேனலிலும் பெயர் வந்துவிட்டதே, நீங்கள் உறுதிப்படுத்தினால் என்ன?" என்று ஆசிரியர்கள் அழுத்தம் கொடுப்பார்கள். கொடுக்கட்டும். வீட்டு வாசலில் அதிகாரி போய் நிற்கும் முன் டிவியில் பார்த்துத் தெரிந்துகொண்ட ஒரு தாயிடம் நாம் சொல்வதற்கு ஒன்றுமே இருக்காது.

2000 ஆகஸ்டில் ரஷ்யாவின் குர்ஸ்க் நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கியபோது நடந்ததை இந்த வேலைக்கு வருகிற எல்லோரும் ஒரு முறையாவது உட்கார்ந்து படிக்க வேண்டும். வெடிப்பு நடந்தது 12-ம் தேதி. கடற்படை முதலில் சொன்னதோ, கோளாறு வந்தது 13-ம் தேதி, அது சின்னதுதான், குழுவினரோடு தொடர்பு இருக்கிறது என்று. கப்பலில் இருந்த 118 பேரும் இறந்துபோனார்கள். வெடிப்புக்குப் பிறகும் பின்பகுதியில் 23 பேர் சில மணி நேரம் உயிரோடு இருந்தது பின்னால் கிடைத்த ஓர் அதிகாரியின் கைக்குறிப்பிலிருந்து தெரியவந்தது. அந்தக் குடும்பங்கள் கூட்டத்தில் கத்தினதை உலகமே பார்த்தது. கப்பல் மூழ்கியதை மன்னிக்கக்கூடியவர்கள்கூட "தொடர்பு இருக்கிறது" என்று சொன்னதை எப்படி மன்னிப்பார்கள்?

2017-ல் அர்ஜென்டினாவின் சான் ஹுவான் நீர்மூழ்கிக் கப்பல் 44 பேரோடு காணாமல் போனது கொஞ்சம் வேறு மாதிரி, எனக்கு அதில்தான் பாடம் அதிகம். கடற்படைச் செய்தித் தொடர்பாளர் என்ரிக்கே பால்பி நாள் தவறாமல் வந்து நின்றார், கேள்விகளை வாங்கிக்கொண்டார். ஆனால் கப்பலிலிருந்து வந்ததாக நினைத்த செயற்கைக்கோள் போன் அழைப்பு முயற்சிகளை அதிகாரிகள் ஆரம்பத்திலேயே அறிவித்தார்கள், குடும்பங்கள் நம்பிக்கையோடு உட்கார்ந்திருந்தன, பிறகு அவை அந்தக் கப்பலிலிருந்து வரவில்லை என்று சொல்ல வேண்டி வந்தது. காற்றுக்குழாய் வழியாகத் தண்ணீர் புகுந்து பேட்டரியில் கோளாறு வந்ததாகக் கப்பல் முன்பே தெரிவித்திருந்தது என்ற விவரமும் தாமதமாகத்தான் வெளியே வந்தது. தினமும் முகம் காட்டியும், ஒரு செய்தி சரிபார்க்கும் முன்பே போய்விட்டது, இன்னொன்று கையில் இருந்தும் பிந்திவிட்டது. ஒரு வருடம் கழித்து 907 மீட்டர் ஆழத்தில் கப்பலைக் கண்டுபிடித்தார்கள்.

இதெல்லாம் குழப்பத்தில் நடப்பவை. தெரிந்தே கதை கட்டுவது வேறு ரகம், அதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது. 2003 மார்ச்சில் இராக்கில் பிடிபட்ட அமெரிக்க வீராங்கனை ஜெசிகா லிஞ்ச், கடைசி தோட்டா வரை சுட்டுப் போராடினார் என்று பெயர் சொல்லாத அதிகாரிகள் கொடுத்த கதை உலகம் முழுக்கப் போனது. அவர் துப்பாக்கி சிக்கிக்கொண்டதால் ஒரு குண்டுகூடச் சுடவில்லை. அடுத்த வருடம் ஏப்ரல் 22-ம் தேதி ஆப்கானிஸ்தானில் இறந்த பாட் டில்மன், அமெரிக்கன் ஃபுட்பால் ஒப்பந்தத்தை விட்டுவிட்டு ராணுவத்தில் சேர்ந்தவர், எதிரியோடு மோதி இறந்ததாகச் சொல்லி வீரப் பதக்கம் கொடுத்தார்கள். கூட இருந்தவர்களுக்கு அது சொந்தப் படையின் குண்டு என்று உடனே தெரியும். குடும்பத்துக்குச் சொன்னது ஐந்து வாரம் கழித்து. 2007-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் ஒரே நாளில் லிஞ்சும் டில்மனின் தம்பியும் சாட்சி சொன்னார்கள். லிஞ்ச் கேட்டது எளிமையான கேள்வி: உண்மையே போதுமானதாக இருந்தபோது எதற்காக இந்தக் கதை? டில்மன் உயிரோடு இருந்தபோது செய்ததே பெரிது. அவருக்கு யாரும் கதை கட்டித் தர வேண்டிய அவசியமே இல்லை.

சரி, அப்படியானால் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டியதுதானா? கிடையாது. 1982-ல் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய ஃபாக்லாந்து போரில், கூஸ் கிரீன் என்ற ஊரைத் தாக்கும் முன்பே பிரிட்டிஷ் பாராசூட் படை நெருங்கிவிட்டதை பிபிசி உலக சேவை ஒலிபரப்பியது, தாக்கக் காத்திருந்த வீரர்களே அதை ரேடியோவில் கேட்டார்கள். அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! நடக்கப்போகும் நடவடிக்கை, படை இருக்கும் இடம், ஆயுதத்தின் குறைபாடு, இவற்றைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. ஆனால் "அதைப் பற்றிப் பேச முடியாது" என்பதும் பொய் சொல்வதும் ஒன்றல்ல. முதலாவதை நிருபர் ஏற்றுக்கொள்வார், முணுமுணுப்பார் அவ்வளவுதான். இரண்டாவதை அவர் வாழ்நாள் முழுக்க மறக்க மாட்டார்.

ரகசியம் கசிவது பெரும்பாலும் பேட்டியில் இல்லை, போட்டோவில். கொடியேற்று விழாப் படம் ஒன்றை வெளியிடும் முன் எங்கள் மேசையில் அதைப் பெரிதாக்கி மூலை மூலையாகப் பார்ப்போம்: பின்னால் சுவரில் வரைபடம் தொங்குகிறதா, வெள்ளைப் பலகையில் எழுதியது அழியாமல் இருக்கிறதா, மானிட்டர் திறந்திருக்கிறதா, வண்டியின் எண் பலகை, அடையாள அட்டை, ஜன்னலுக்கு வெளியே தெரியும் கோபுரம், படக் கோப்புக்குள் ஒளிந்திருக்கும் இருப்பிடத் தகவல். 2018 ஜனவரியில் ஸ்ட்ராவா என்ற ஓட்டப் பயிற்சிச் செயலியின் வரைபடத்தில், வீரர்கள் காலையில் ஓடிய தடங்களே பல ராணுவ முகாம்களின் உருவத்தைக் காட்டிக்கொடுத்தன. யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

இனி ஸ்ட்ராட்காம் (உத்திசார் தகவல் தொடர்பு) என்று எல்லோரும் இப்போது சொல்லும் சமாச்சாரம். இதற்கென்றே லாட்வியாவின் ரீகாவில் 2014 முதல் நேட்டோ அங்கீகாரம் பெற்ற மையம் ஒன்று இருக்கிறது. படை என்ன செய்கிறது, என்ன சொல்கிறது, என்ன படம் காட்டுகிறது, எல்லாம் ஒரே திசையில் இருக்க வேண்டும் என்பதுதான் அடிப்படை, அதில் தப்பில்லை. சிக்கல் எங்கே வருகிறது என்றால், எதிரியை ஏமாற்றுவதற்கான பிரிவும் மக்களிடம் பேசும் பிரிவும் ஒரே அறையில் உட்காரும்போது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஆரம்பித்த செல்வாக்கு அலுவலகம், வெளிநாட்டு ஊடகங்களில் பொய்ச் செய்தியும் விதைக்கலாம் என்று பேச்சு அடிபட்டதும் 2002 பிப்ரவரியிலேயே மூடப்பட்டது. 2021 மே மாதம் இஸ்ரேல் ராணுவம், காசாவில் தரைப்படையும் தாக்குதலில் இருப்பதாக வெளிநாட்டு நிருபர்களுக்குச் சொன்னது, பெரிய பத்திரிகைகள் அப்படியே போட்டன, பிறகு படை உள்ளே போகவே இல்லை என்று தெரிந்தது. ராணுவம் அதை உள் தகவல் தொடர்புத் தவறு என்றது. ஹமாஸை ஏமாற்ற எங்களைப் பயன்படுத்தினார்களா என்று நிருபர்கள் கேட்டார்கள். அந்தச் சந்தேகம் ஒருமுறை வந்துவிட்டால் அடுத்து நீங்கள் சொல்லும் மெய்யும் சந்தேகத்தோடுதான் வாசிக்கப்படும். இரண்டு பிரிவும் ஒன்றுக்கொன்று என்ன செய்கிறது என்று தெரிந்திருக்கலாம், மோதாமல் இருக்க அது தேவை, ஆனால் ஆள் வேறு, மேசை வேறு, கையெழுத்து வேறாக இருக்க வேண்டும். இதில் எனக்கு விட்டுக்கொடுக்கவே மனமில்லை.

நம்பிக்கை எவ்வளவு நடைமுறைச் சரக்கு என்பதற்கு உக்ரைன் உதாரணம் போதும். 2022 மார்ச்சில் அதிபர் ஜெலென்ஸ்கி தன் படையைச் சரணடையச் சொல்வது போல ஒரு போலி வீடியோ வந்தது. அவர் சீக்கிரமே தன் வீடியோவைப் போட்டு மறுத்தார், போலி எடுபடவில்லை. அந்தப் போலி மோசமாகச் செய்யப்பட்டிருந்தது என்பது ஒரு காரணம். இன்னொன்று, முந்தைய மூன்று வாரமும் அவர் தினமும் மக்கள் முன் வந்துகொண்டிருந்தார், அவர் எப்படிப் பேசுவார், எங்கே நிற்பார் என்று எல்லோருக்கும் பழகியிருந்தது. போலிகள் இனி இவ்வளவு மோசமாக வராது. நெருக்கடி நாளில் மட்டும் எட்டிப் பார்க்கும் ராணுவத்துக்கு அப்போது யார் குரல் உண்மை என்று நிரூபிக்கவே நேரம் போய்விடும்.

இந்த வேலைக்கு வர நினைக்கும் இளைஞர்கள் எழுதிக் கேட்கிறார்கள், என்ன படிக்க வேண்டும் என்று. இதழியல் படித்தால் நல்லது, கேமரா தெரிந்தால் நல்லது, ஆனால் முதலில் படையைத் தெரிந்துகொள்ளுங்கள், ஒரு ரோந்து எப்படிப் போகிறது, ஒரு விபத்து விசாரணை எத்தனை நாள் எடுக்கும், ரேடியோவில் வரும் எண்ணிக்கை ஏன் மாறும் என்று. அது தெரியாத பி.ஆர்.ஓ., எழுதிக் கொடுத்ததை வாசிக்கும் ஆளாகவே இருந்துவிடுவார். கமாண்டர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஒவ்வொரு போர்ப் பயிற்சியிலும் துப்பாக்கி, வண்டி, மருத்துவம் எல்லாம் ஒத்திகை பார்க்கிறீர்கள், செய்திப் பிரிவை மட்டும் முடிவில் போட்டோ எடுக்கக் கூப்பிடுகிறீர்கள். திட்டம் போடும் முதல் நாளே கூப்பிடுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு விபத்துத் தகவலைக் கொடுத்து, பாதி விவரத்தை மறைத்து, நிருபராக நாலு பேரையும் வீரரின் அப்பாவாக ஒருவரையும் போனில் பேச வைத்து, அறிக்கைக்கு நீங்களே உட்கார்ந்து ஒப்புதல் கொடுத்துப் பாருங்கள், ஒப்புதல் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.